என்சைமுக்கு ஆர்கானிக் சால்வென்ட் என்ன பண்ணுது? லைப்பேஸ் வச்சு படிப்படியா செஞ்சு பாக்க ஒரு முழு வழிகாட்டி

பயோகெமிஸ்ட்ரி, பயோடெக், மைக்ரோபயாலஜின்னு எந்த டிபார்ட்மென்ட்ல லைப்பேஸ் (கொழுப்பை உடைக்கிற என்சைம்) தீசிஸ் எடுத்துப் பாத்தாலும் "ஆர்கானிக் சால்வென்ட் எஃபெக்ட்"ன்னு ஒரு டேபிள் இருக்கும். ஹெக்ஸேன்ல நூறுக்கு மேல, டொலுவீன்ல கொஞ்சம் கம்மி, மெத்தனால்ல பாதிக்கும் கீழன்னு நம்பரைப் போட்டுட்டு கீழ ஒரே வரியில "போலார் சால்வென்ட்ல என்சைம் டீநேச்சர் ஆயிடுச்சு"ன்னு முடிச்சிருப்பாங்க. ஆக்டிவிட்டி கொறைஞ்சதுக்கு டீநேச்சர் ஆனது, அதாவது புரோட்டீனோட மடிப்பு அவிழ்ந்து போனது, ஒரு காரணமா இருக்கலாம், ஆனா ஸ்ட்ரக்சர்ல ஒரு கீறல் கூட விழாம ஆக்டிவிட்டி பாதியா கொறையுறதுக்கும் மூணு நாலு வழி இருக்கு. எது நடந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்குறதுதான் இந்த எக்ஸ்பெரிமென்ட்டோட உயிரே, அதைப் பண்ணாம டேபிளை மட்டும் போட்டா வைவால எக்ஸ்டெர்னல் கேக்குற மொத கேள்விலயே மாட்டிப்போம். அதனால எப்படி பிளான் பண்றது, எங்கெங்க ரிசல்ட் நம்மள ஏமாத்தும், ஸ்ட்ரக்சரை எப்படி பாக்குறதுன்னு வரிசையா எழுதுறேன். உதாரணத்துக்கு லைப்பேஸையே எடுத்துக்கிறேன், புரோட்டியேஸ் (புரோட்டீனை உடைக்கிற என்சைம்) பண்றவங்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

ஸ்டெப் 1: மொதல்ல கேள்வியை ரெண்டா பிரிங்க

சால்வென்ட் கூட இருக்கும்போதே என்சைம் வேலை செய்யுதாங்கிறது ஒரு கேள்வி. சால்வென்ட்ல கொஞ்ச நேரம் ஊறிட்டு வெளிய வந்த என்சைம் பழையபடி வேலை செய்யுதாங்கிறது வேற கேள்வி. மொதல்ல சொன்னது ஆக்டிவிட்டி, ரெண்டாவது ஸ்டெபிலிட்டி. சூப்பர்நேட்டன்ட்டோட (கல்ச்சரை சென்ட்ரிஃப்யூஜ் பண்ணதும் மேல நிக்கிற, என்சைம் உள்ள திரவம்) 25% சால்வென்ட் கலந்து ஷேக்கர்ல போட்டு, அப்புறம் கொஞ்சம் எடுத்து சாதாரண பஃபர்ல அஸே பண்றோமே (ஆக்டிவிட்டி அளக்குறோமே), அது ஸ்டெபிலிட்டி மட்டும்தான். 40% அசிட்டோன்ல சுத்தமா வேலை செய்யாத என்சைம், அதுலயே ஒரு மணி நேரம் இருந்துட்டு பஃபருக்கு வந்ததும் முழு ஆக்டிவிட்டியும் காட்டலாம், அப்படின்னா அங்க டீநேச்சரேஷன் நிரந்தரமா நடக்கவே இல்ல.

அதோட சால்வென்ட் இருக்குற விதமும் மூணு. தண்ணியோட கலக்குற சால்வென்ட்டை பஃபர்ல 10%, 20%ன்னு சேக்குறது ஒண்ணு. தண்ணியோட கலக்காத ஹெக்ஸேன் மாதிரி சால்வென்ட் மேல தனி லேயரா நிக்கிறது இன்னொண்ணு. மூணாவது, தண்ணி கிட்டத்தட்ட இல்லாத சுத்தமான சால்வென்ட்ல என்சைம் பவுடரையோ என்சைம் ஒட்ட வச்ச பீடையோ (குட்டி மணிகளையோ) போடுறது, இதுல என்சைம் கரையாது, தூளா மிதந்துட்டே வேலை செய்யும். இந்த மூணுக்கும் விதிகள் வேற வேற, ஒண்ணுல கிடைச்ச முடிவை இன்னொண்ணுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது.

ஸ்டெப் 2: உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

புரோட்டீன் மடிஞ்சு நிக்கிறதுக்கு தண்ணிதான் பெரிய காரணம். எண்ணெய்த்தன்மை உள்ள சைடு செயின்கள் தண்ணிக்குப் பயந்து உள்ள ஒதுங்குது, சார்ஜ் உள்ளது வெளிய நிக்குது, மேல்பரப்புல தண்ணி மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பாண்ட் போட்டு ஒரு மெல்லிய போர்வையா ஒட்டிட்டு இருக்கு. சால்வென்ட் சேத்ததும் இது எல்லாத்துலயும் ஒரே நேரத்துல கை வைக்கிறோம். எத்தனால், அசிட்டோனைட்ரைல் சேர சேர, எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகளுக்கு வெளிய வர்றது அவ்ளோ கஷ்டமா தெரியாது, அதனால மடிப்பு தளருது. டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்டும் எறங்குது, 25 டிகிரில தண்ணிக்கு கிட்டத்தட்ட 78, மெத்தனாலுக்கு 33, எத்தனாலுக்கு 24, ஹெக்ஸேனுக்கு வெறும் 1.9. இது எறங்க எறங்க பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல உள்ள இழுப்பு பலமாகுது, ஆக்டிவ் சைட்டுல (ரியாக்ஷன் நடக்குற எடத்துல) இருக்குற ஹிஸ்டிடின், அஸ்பார்ட்டேட்டோட பிகேஏ (எந்த பிஹெச்ல புரோட்டானை விடும்ங்கிற அளவு) நகருது, மொத்த மூலக்கூறும் இறுகுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நிறைய பேரு கிளாஸ்ல கேக்காமலே போயிடுற விஷயம் ஒண்ணு இருக்கு. சால்வென்ட் கூடக் கூட என்சைமுக்கு ஆபத்தும் நேர்கோட்டுல கூடிட்டே போகும்னு நினைப்போம், அப்படி இல்ல. பல என்சைமுக்கு நடுவுல உள்ள கலவைதான் எமன், அதாவது 40ல இருந்து 80% வரைக்கும். அங்க மடிப்பைத் தளர்த்த சால்வென்ட்டும் இருக்கு, அசைஞ்சு அவிழ்றதுக்குத் தேவையான தண்ணியும் இருக்கு. சுத்தமா தண்ணி இல்லாத அசிட்டோனைட்ரைலுக்குப் போயிட்டா புரோட்டீனுக்கு அவிழக்கூட அசைவு இல்லாம இருந்த வடிவத்துலயே உறைஞ்சு நிக்கும். 1993ல சப்டிலிசின்ங்கிற புரோட்டியேஸோட கிரிஸ்டலை நீரில்லா அசிட்டோனைட்ரைல்ல வச்சு எக்ஸ்ரேல பாத்தப்போ ஸ்ட்ரக்சர் தண்ணில இருந்த மாதிரியே இருந்துச்சு, தண்ணில பாத்தப்போ ஒட்டியிருந்த 119 தண்ணி மூலக்கூறுல 99 இன்னும் அங்கேயே இருந்துச்சு, புதுசா 12 அசிட்டோனைட்ரைல் வந்து உக்காந்திருந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1984ல எம்ஐடில ஸாக்ஸும் கிளிபனோவும் பன்றி கணைய லைப்பேஸை 99% ஆர்கானிக் மீடியத்துல வேலை செய்ய வச்சாங்க, தண்ணியை இன்னும் கொறைச்சதும் அது 100 டிகிரில பல மணி நேரம் தாங்கிச்சு, அந்தச் சூட்டுலயே ரியாக்‌ஷனும் பண்ணிச்சு. தண்ணில 100 டிகிரில போட்டா அதே லைப்பேஸ் கொஞ்ச நேரத்துலயே செத்துடும்.

டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு) இந்தக் கணக்குல வராது. அது ஹைட்ரஜன் பாண்டைப் பிடுங்கி வாங்குறதுல கெட்டிக்காரன், புரோட்டீனைக் கரைச்சும் விடும், அதனால சுத்தமான டிஎம்எஸ்ஓல பெரும்பாலான புரோட்டீன் அவிழ்ந்துடும். ஆனா பஃபர்ல 10% டிஎம்எஸ்ஓவை நிறைய என்சைம் சாதாரணமா தாங்கும், சிலதுக்கு ஆக்டிவிட்டி லேசா ஏறவும் செய்யும்.

ஸ்டெப் 3: சால்வென்ட்டைத் தேர்ந்தெடுங்க

எல்லாரும் பாக்குறது லாக் பி, அதாவது ஆக்டனாலுக்கும் தண்ணிக்கும் நடுவுல அந்த சால்வென்ட் எப்படி பிரிஞ்சு நிக்குதுங்கிற அளவு. டிஎம்எஸ்ஓ -1.35, டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) -1.0, மெத்தனால் -0.75 பக்கம், எத்தனால், அசிட்டோனைட்ரைல் ரெண்டும் -0.3 பக்கம், அசிட்டோன் -0.24, டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) 0.46, எத்தில் அசிட்டேட் 0.7, குளோரோஃபார்ம் 2, டொலுவீன் 2.7, ஹெக்ஸேன் 3.9, ஐசோஆக்டேன் 4.5ஐ ஒட்டி. 1987ல லானே குழு சொன்ன விதி என்னன்னா 2க்கு கீழ இருந்தா பயோகேட்டலிஸ்ட்டுக்குக் கெடுதல், 2ல இருந்து 4க்குள்ள சொல்ல முடியாது, 4க்கு மேல பாதுகாப்பு. காரணம் எளிசு, லாக் பி கம்மியா உள்ள சால்வென்ட் என்சைம் மேல உள்ள தண்ணிப் போர்வையை உருவிடும், ஹெக்ஸேனால அது முடியாது. ட்ரிஷியம் போட்ட தண்ணி வச்சு அளந்தப்போ கைமோட்ரிப்சின்ங்கிற புரோட்டியேஸ் மேல ஒட்டியிருந்ததுல பாதிக்கு மேல மெத்தனால் உருவிடுச்சு, ஹெக்ஸேன் எடுத்தது ரொம்ப ரொம்பச் சொற்பம்.

ஆனா லாக் பி ஒரு ஆரம்பக் கணிப்புதான், அதைத் தாண்டி சால்வென்ட்டோட கெமிஸ்ட்ரியையும் பாக்கணும். லைப்பேஸுக்கு எத்தில் அசிட்டேட் சும்மா இருக்குற சால்வென்ட் இல்ல, அதுவே ஒரு எஸ்டர், சப்ஸ்ட்ரேட்டா (என்சைம் உடைக்கிற பொருளா) போய் உக்காந்துக்கும். மெத்தனால், எத்தனால் தண்ணிக்குப் பதிலா அசைல் என்சைமைத் தாக்கி ட்ரான்ஸ்எஸ்டரிஃபிகேஷன் பண்ணும், அப்பவும் அஸேல நாம அளக்குற மஞ்சள் நைட்ரோஃபீனால் வெளிய வரும்ங்கிறதால கலர் ஏறும், நாம எத்தனால் ஆக்டிவேட் பண்ணுதுன்னு எழுதிடுவோம். பழைய டிஹெச்எஃப், டைஎத்தில் ஈதர் பாட்டில்ல பெராக்ஸைடு சேர்ந்திருக்கும், அது மெத்தியோனின், சிஸ்டீனை ஆக்ஸிடைஸ் பண்ணும். குளோரோஃபார்ம்ல துளி ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும். அதனால ஒரு நல்ல செட் வேணும்னா மெத்தனால், அசிட்டோனைட்ரைல், அசிட்டோன், டிஎம்எஸ்ஓ, டொலுவீன், ஹெக்ஸேன், ஐசோஆக்டேன் போதும், இருபது சால்வென்ட்டை மேலோட்டமா பண்றதுக்கு ஏழை ஆழமா பண்றது எவ்வளவோ மேல்.

ஸ்டெப் 4: என்சைம், பஃபர், பிளாஸ்டிக் சாமான்

க்ரூட் சூப்பர்நேட்டன்ட்ல மீடியால உள்ள பெப்டோன், சர்க்கரை, மத்த புரோட்டீன்னு எல்லாம் கெடக்கும், அது என்சைமைக் காப்பாத்தவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். ஆக்டிவிட்டியை க்ரூட்ல பாத்துக்கலாம், ஸ்ட்ரக்சர் பாக்கணும்னா ப்யூரிஃபை பண்ணியே ஆகணும், வேற வழி இல்ல.

லையோஃபிலைஸ் பண்ண பவுடர் எடுத்தா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, உறைய வச்சு உலத்துறதே புரோட்டீனோட செகண்டரி ஸ்ட்ரக்சரைக் கொஞ்சம் கலைச்சுடும், பெரும்பாலும் ஹீலிக்ஸ் கொறைஞ்சு பீட்டா ஷீட் கூடும், அப்புறம் ஹெக்ஸேன்ல போட்டுப் பாத்துட்டு ஹெக்ஸேன் கலைச்சுடுச்சுன்னு சொல்லக் கூடாது. அதோட பவுடருக்கு பிஹெச் ஞாபகம் உண்டு. ஹெக்ஸேன்ல பிஹெச்னு ஒண்ணே கிடையாது, கடைசியா எந்த பிஹெச் பஃபர்ல இருந்து காஞ்சதோ அந்த அயனைசேஷன் நிலையிலயேதான் என்சைம் உள்ள நிக்கும், அதனால ஆப்டிமம் பிஹெச்ல வச்சுட்டு உலத்துங்க.

பஃபர் விஷயத்துல நெறைய பேரு ஏமாறுறது இதுலதான்: பாஸ்பேட் பஃபர்ல எத்தனாலோ அசிட்டோனைட்ரைலோ அதிகமா ஊத்தினா பாஸ்பேட் உப்பே வெள்ளையா கலங்கி கீழ விழும். பாத்தவுடனே புரோட்டீன் ப்ரெசிபிடேட் ஆயிடுச்சுன்னு நோட்ல எழுதிடுவோம். என்சைமே சேக்காம வெறும் பஃபரும் சால்வென்ட்டும் கலந்து ஒரு ட்யூப் வச்சுப் பாருங்க, அதுவும் கலங்கினா அது உப்பு. ட்ரிஸ் இல்லன்னா ஹெப்பிஸ் 20ல இருந்து 50 மில்லிமோலார் எடுத்தா இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பிளாஸ்டிக்கும் முக்கியம். சாதாரண 96 வெல் பிளேட்டும் மலிவான குவெட்டும் பாலிஸ்டைரீன், டொலுவீன், குளோரோஃபார்ம், அசிட்டோன், டிஹெச்எஃப் எல்லாம் அதை உருக்கிடும், உருகலைன்னாலும் சுவர் பால் மாதிரி மங்கி ஓ.டி. ரீடிங் (வெளிச்சம் மறையுற அளவு) ஏறிடும். பாலிப்ரொபிலீன் ட்யூப், கண்ணாடி வயல், க்வார்ட்ஸ் குவெட் எடுங்க, மூடி டெஃப்ளான் வச்சது. அசிட்டோன், ஹெக்ஸேன் மாதிரி ஆவியாகுறதை மைக்ரோபிப்பெட்ல எடுத்தா டிப்ல இருந்து சொட்டிட்டே இருக்கும், ரெண்டு மூணு தடவை உறிஞ்சி விட்டு டிப் உள்ள ஆவி நிறைஞ்சதும் எடுத்தா சொட்டாது. ஹெக்ஸேன் நரம்பைப் பாதிக்கும், அசிட்டோனைட்ரைல் உடம்புக்குள்ள போனா சயனைடா மாறும், அதனால ஹூட் இல்லாம எதையும் திறக்காதீங்க.

ஸ்டெப் 5: சால்வென்ட் இருக்கும்போதே ஆக்டிவிட்டி அளக்குறது

சப்ஸ்ட்ரேட்டா பாரா நைட்ரோஃபீனைல் பியூட்டிரேட் எடுங்க. பால்மிட்டேட்டும் எல்லாரும் யூஸ் பண்றதுதான், ஆனா அது தண்ணில கரையாது, கம் அரேபிக்கும் ட்ரைட்டானும் போட்டு எமல்ஷன் பண்ணணும், சால்வென்ட் சேத்ததும் அந்த எமல்ஷனோட துளி சைஸே மாறிடும், அப்புறம் ரேட் மாறினது என்சைமாலயா எமல்ஷனாலயான்னு பிரிக்கவே முடியாது.

0, 5, 10, 20, 30, 40, 50, 60, 70%னு கலவைகள் தயார் பண்ணுங்க. பஃபரை அடர்த்தியா ஸ்டாக் வச்சுக்கிட்டா எல்லா ட்யூப்லயும் பஃபர் அளவு ஒண்ணா இருக்கும். எத்தனாலும் தண்ணியும் 50 மில்லி 50 மில்லி கலந்தா 100 மில்லி வராது, 97 கிட்டதான் வரும், அதனால சதவீதத்தை எப்படி கணக்குப் போட்டீங்கன்னு ஒரு முறையை முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே பிடிங்க. இன்னொண்ணு, கலக்கும்போது சூடு மாறும், டிஎம்எஸ்ஓவும் மெத்தனாலும் தண்ணியில சேரும்போது நல்லா சூடாகும், அசிட்டோனைட்ரைல் குளிர்ந்து போகும். என்சைம் கரைசல் மேல நேரா டிஎம்எஸ்ஓவை ஊத்தினா அந்த எடத்துல மட்டும் சூடும் அடர்த்தியும் எகிறி என்சைம் அங்கேயே செத்துடும். கலவையை மொதல்ல ரெடி பண்ணி, வாட்டர் பாத்ல 30 டிகிரிக்குக் கொண்டு வந்து, பிஹெச் மீட்டர்ல ஒரு தடவை பாத்துக் குறிச்சுட்டு, அதுக்கப்புறம் கடைசியா என்சைமைச் சேருங்க.

இனிமே வர்றதுதான் இந்த எக்ஸ்பெரிமென்ட்லயே பெரிய பொறி. நைட்ரோஃபீனாலோட பிகேஏ தண்ணில 7.15. பிஹெச் 7ல அதுல நாப்பது சதவீதம் சொச்சம்தான் மஞ்சளா இருக்கும், மீதி நிறமில்லாம இருக்கும். சால்வென்ட் சேர்ந்ததும் இந்த பிகேஏ மேல ஏறும், மஞ்சள் பங்கு இன்னும் கொறையும், என்சைம் அதே வேகத்துல வேலை செஞ்சாலும் 405 நானோமீட்டர்ல ரீடிங் கம்மியா காட்டும். நாம அதை என்சைம் இன்ஹிபிட் ஆயிடுச்சுன்னு படிப்போம். தப்பிக்கணும்னா ஒவ்வொரு சால்வென்ட்டுக்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் தனித்தனியா நைட்ரோஃபீனால் ஸ்டாண்டர்ட் கர்வ் போடணும், போரடிக்கிற வேலைதான், ஆனா இது இல்லாத டேட்டாவை நான் நம்ப மாட்டேன். 348 நானோமீட்டர் பக்கம் படிச்சா பிஹெச்சோட பாதிப்பு ரொம்பக் கொறையும், அங்க ரெண்டு வடிவமும் ஒரே அளவு உறிஞ்சும். கூடவே என்சைம் இல்லாத பிளாங்க்கும் ஒவ்வொரு கலவைக்கும் வேணும், பியூட்டிரேட் தானா உடையுற வேகமும் சால்வென்ட்டைப் பொறுத்து மாறும்.

அடுத்து கேஎம், அதாவது உச்ச வேகத்துல பாதி வர்றதுக்குத் தேவையான சப்ஸ்ட்ரேட் அளவு. ஒரே ஒரு சப்ஸ்ட்ரேட் அளவுல மட்டும் அளந்தீங்கன்னா பாதிக் கதைதான் தெரியும். எண்ணெய்த்தன்மை உள்ள சப்ஸ்ட்ரேட் தண்ணில இருக்கப் பிடிக்காம என்சைமோட பாக்கெட்டுக்குள்ள ஓடும், சால்வென்ட் சேத்துட்டா அதுக்கு வெளியவே சௌகரியமா இருக்கும், உள்ள போக அவசரம் இருக்காது, அதனால கேஎம் ஏறும். என்சைம் முழுசா நல்லா இருக்கும், வீமேக்ஸ் (உச்ச வேகம்) கூட மாறியிருக்காது, ஆனா நாம எடுத்த சப்ஸ்ட்ரேட் அளவுல ரேட் பாதியா தெரியும். சால்வென்ட் மூலக்கூறே பாக்கெட்ல போய் உக்காந்து எடத்தை அடைச்சாலும் இதே மாதிரிதான் தெரியும். 0, 20, 40%ல மட்டுமாவது அஞ்சாறு சப்ஸ்ட்ரேட் அளவு வச்சு கேஎம்மும் கேகேட்டும் (ஒரு என்சைம் மூலக்கூறு செகண்டுக்கு எத்தனை சப்ஸ்ட்ரேட்டை மாத்துதுங்கிற அளவு) எடுங்க. கேஎம் மட்டும் ஏறினா என்சைமைக் குத்தம் சொல்லாதீங்க, கேகேட் விழுந்தாதான் ஸ்ட்ரக்சரைச் சந்தேகப்படணும்.

ஸ்டெப் 6: ஊற வச்சு ஸ்டெபிலிட்டி பாக்குறது

அதே கலவைகள்ல என்சைமை 30 டிகிரில வச்சு 0, 15, 30 நிமிஷம், 1, 2, 4, 24 மணி நேரம்னு எடுத்து பஃபர்ல அஸே பண்ணுங்க. அஸேக்குள்ள வர்ற சால்வென்ட் 1%க்கு மேல போகக் கூடாது, 50% கலவையில இருந்து 20 மைக்ரோலிட்டர் எடுத்து 1 மில்லி அஸேல போட்டா சரியா 1% கிட்ட வரும். கன்ட்ரோல் என்சைமுக்கும் அதே 1% சால்வென்ட்டை அஸேல சேத்துடுங்க. மீதி ஆக்டிவிட்டியோட லாகரிதத்தை நேரத்துக்கு எதிரா போட்டு அரை ஆயுள் எடுத்தீங்கன்னா ஒரே நேரப்புள்ளி டேபிளைவிட நூறு மடங்கு விஷயம் கிடைக்கும், நேர்கோடு வராம வளைஞ்சு வந்தாலும் அது ஒரு தகவல்தான், ஒண்ணுக்கு மேல படிகள்ல சாகுதுன்னு அர்த்தம்.

ஹெக்ஸேன், டொலுவீன் மாதிரி ரெண்டு லேயர் நிக்கிறதுல சால்வென்ட்டோட சேத்து அந்த லேயர் சந்திக்கிற பரப்பும் என்சைமைக் கொல்லும். ஷேக்கர் வேகமா ஓடினா பரப்பு கூடும், புரோட்டீன் அங்க போய் ஒட்டி அவிழும். 150 ஆர்பிஎம்ல ஒண்ணு, அசைக்காம ஒண்ணுன்னு ரெண்டும் வச்சா எது சால்வென்ட்டால எது பரப்பாலன்னு பிரிஞ்சுடும். சால்வென்ட் இல்லாம அதே வேகத்துல குலுக்கின கன்ட்ரோலும் வேணும்.

ஹெக்ஸேன்ல ஆக்டிவிட்டி 100%க்கு மேல வந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, மூடி லூசா இருந்து கீழ உள்ள தண்ணி ஆவியாகி என்சைம் அடர்த்தி ஏறியிருக்கான்னு புரோட்டீன் எஸ்டிமேஷன் பண்ணிப் பாருங்க. அது இல்லன்னா நிஜமான காரணம் இருக்கலாம். நிறைய லைப்பேஸுக்கு ஆக்டிவ் சைட் மேல மூடி மாதிரி ஒரு ஹீலிக்ஸ் உண்டு, எண்ணெய்ப்பரப்பைப் பாத்ததும் அது திறக்கும், ஹெக்ஸேன் அந்தத் திறந்த நிலைக்கு ஒத்தாசை பண்ணும். ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியா இருந்த லைப்பேஸ் பிரிஞ்சு தனித்தனியா ஆனாலும் ஆக்டிவிட்டி ஏறும். கேண்டிடா அன்டார்க்டிகா லைப்பேஸ் பி எடுத்தவங்க இந்த மூடி விளக்கத்தைக் காப்பி பண்ணிடாதீங்க, அதுக்கு அப்படி இன்டர்ஃபேஸ்ல பெருசா ஆக்டிவேட் ஆகுற பழக்கம் கிடையாது.

டேபிள் போடும்போது எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம், எந்த டெம்பரேச்சர், அஸேல சால்வென்ட் மீதி இருந்துச்சா, குலுக்கினீங்களா, எல்லாத்தையும் தலைப்புலயே எழுதிடுங்க.

ஸ்டெப் 7: தண்ணி கிட்டத்தட்ட இல்லாத சால்வென்ட்

வசதி இருக்குற லேபுக்கு மட்டும் இது. இங்க தண்ணியே சப்ஸ்ட்ரேட்டா இல்லாததால ஹைட்ராலிசிஸ் அளக்க முடியாது, ஆக்டனாலோட ஒரு ஃபேட்டி ஆசிட் சேத்து எஸ்டர் வருதான்னு ஜிசில (கேஸ் குரோமடோகிராஃபி) பாக்கணும். பிசின் பீட்ல ஒட்ட வச்ச கேண்டிடா அன்டார்க்டிகா லைப்பேஸ் பி கடையில கிடைக்கும், அதுல ஆரம்பிச்சா சுலபம்.

இங்க கன்ட்ரோல் பண்ண வேண்டியது தண்ணி எவ்வளவு இருக்குங்கிறதை இல்ல, வாட்டர் ஆக்டிவிட்டியை, அதாவது என்சைமுக்குக் கிடைக்கிற தண்ணியோட அளவுகோலை (0ல இருந்து 1 வரை). ஹெக்ஸேனால தண்ணியை வச்சுக்கவே முடியாது, துளி போட்டாலும் அது என்சைம் மேல போய் ஒட்டிடும், அசிட்டோனைட்ரைல் அதே துளியைத் தானே குடிச்சுடும், என்சைமுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால ரெண்டுலயும் 0.1% தண்ணி வச்சு கம்பேர் பண்ணா அது நியாயமான கம்பேரிசனே இல்ல. ஸ்ட்ராத்க்ளைட் யுனிவர்சிட்டில பீட்டர் ஹாலிங் குழு 1992ல இதைத்தான் காட்டினாங்க, மியூகோர் மீஹை லைப்பேஸ் வெவ்வேற சால்வென்ட்ல வெவ்வேற தண்ணி அளவுல நல்லா வேலை செஞ்சுச்சு, ஆனா வாட்டர் ஆக்டிவிட்டியா மாத்திப் பாத்தா எல்லா சால்வென்ட்லயும் கர்வ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, உச்சம் 0.55 பக்கம்.

செய்யறது சுலபம். மூடின டெசிக்கேட்டர்ல உப்பு கெட்டிப்படிஞ்ச கரைசல் வச்சு, பக்கத்துல என்சைமையும் சால்வென்ட்டையும் தனித்தனியா திறந்த வயல்ல ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. 25 டிகிரில லித்தியம் குளோரைடு 0.11, மெக்னீசியம் குளோரைடு 0.33, மெக்னீசியம் நைட்ரேட் 0.53, சோடியம் குளோரைடு 0.75 கொடுக்கும். சால்வென்ட்டை முன்னாடியே காயவைக்க 3 ஆங்ஸ்ட்ரம் மாலிக்யூலர் சீவ் போதும், அதை 250 டிகிரிக்கு மேல ஒரு ராத்திரி சுட்டுட்டு யூஸ் பண்ணுங்க, மீதித் தண்ணியை கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன்ல அளந்துக்கலாம். குலுக்குற வேகத்தைக் கூட்டிப் பாத்து ரேட் மாறாத எடத்துல நிறுத்துங்க, என்சைமை ரெண்டு மடங்காக்கினா ரேட்டும் ரெண்டு மடங்காகுதான்னும் பாருங்க, ஆகலைன்னா நீங்க அளக்குறது என்சைமை இல்ல, சப்ஸ்ட்ரேட் பீடுக்குள்ள நுழையுற வேகத்தை. இன்னொரு விஷயம், காஞ்ச சால்வென்ட்ல ரேட் கம்மியா வரும்ங்கிறதை எதிர்பாத்தே இருங்க, கைமோட்ரிப்சின், சப்டிலிசின் ரெண்டுக்கும் ஆக்டேன்ல வேகம் தண்ணில இருக்குறதைவிட பத்தாயிரம் மடங்குக்கு மேல விழும், ஸ்ட்ரக்சர் நல்லா இருந்தாலும் அசைவு இல்லாததும் சப்ஸ்ட்ரேட்டுக்கு வெளியவே சௌகரியமா இருக்குறதும் இதுக்குப் பெரிய காரணம்.

ஸ்டெப் 8: ஸ்ட்ரக்சரைப் பாக்குறது

ட்ரிப்டோஃபான் ஃப்ளோரசன்ஸ்தான் பெரும்பாலான லேப்ல கைக்கெட்டுறது. 295ல எக்ஸைட் பண்ணி 305ல இருந்து 400 நானோமீட்டர் வரை ஸ்கேன். மடிஞ்ச புரோட்டீன்ல உச்சம் 330-340 பக்கம், அவிழ்ந்து ட்ரிப்டோஃபான் தண்ணிக்கு வந்துட்டா 350க்கு மேல நகரும். ஆனா அவிழ்ந்து வெளிய வந்த ட்ரிப்டோஃபான் பாக்குறது சுத்தமான தண்ணியை இல்ல, 50% அசிட்டோனைட்ரைலை, அதனால நகர்வு எதிர்பாத்ததைவிட கம்மியா இருக்கும், ஸ்ட்ரக்சர் அப்படியே இருக்குன்னு தப்பா படிச்சுடுவோம். என்-அசிட்டைல் ட்ரிப்டோஃபானமைடை அதே கலவைகள்ல போட்டு கன்ட்ரோலா ஓட்டுங்க, அதோட உச்சம்தான் முழுசா அவிழ்ந்தா எங்க இருக்கும்ங்கிறதுக்கு எல்லைக்கோடு. அசிட்டோன் இந்த அலைநீளத்துலயே வெளிச்சத்தைத் தின்னுடும், அதை இதுல சேக்காதீங்க.

சிடி (சர்குலர் டைக்ரோயிசம்) எடுக்குறவங்க மொதல்ல சால்வென்ட் எந்த அலைநீளம் வரைக்கும் வெளிச்சத்தை விடுதுன்னு பாக்கணும். அசிட்டோனைட்ரைல் 190 வரைக்கும், மெத்தனால் 205, எத்தனால் 210 வரைக்கும் விடும். டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ 268 பக்கமே அடைச்சுடும், அசிட்டோன் 330லயே அடைச்சுடும், அதுகள்ல 222 நானோமீட்டர்ல ஹீலிக்ஸ் சிக்னல் எடுத்தேன்னு யாராவது போட்டிருந்தா அது சத்தம்தான். மெத்தனால், எத்தனால், ட்ரைஃப்ளோரோஎத்தனால் எல்லாம் ஹீலிக்ஸை உண்டாக்குற குணம் உள்ளது, பெப்டைட் பாண்ட் தண்ணியோட பாண்ட் போட முடியாம தனக்குள்ளயே போட்டுக்கும். அதனால 222ல சிக்னல் பெருசாச்சுன்னா என்சைம் பலமாச்சுன்னு அர்த்தமில்ல, மூணாம் நிலை மடிப்பு போயிட்டு வெறும் ஹீலிக்ஸா நின்னாலும் அப்படித்தான் வரும். ஆக்டிவிட்டி போயி ஹீலிக்ஸ் ஏறியிருந்தா அந்த நிலைமைதான்னு சந்தேகப்படுங்க, நியர் யூவி சிடில 260-300 பகுதியோட சிக்னல் காணாம போயிருந்தா உறுதி.

காஞ்ச சால்வென்ட்ல மிதக்குற தூளுக்கு எஃப்டிஐஆர்தான் (இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரம்) சரிவரும், அமைடு ஒண்ணு பேண்டு, 1600ல இருந்து 1700 செ.மீ⁻¹ வரை, 1655 பக்கம் ஹீலிக்ஸ். டிஎம்எஃப்போட கார்போனைல் அங்கயே வந்து இடிக்கும், அசிட்டோன் (1715 பக்கம்), எத்தில் அசிட்டேட் (1740 பக்கம்) ரெண்டோடதும் அதை ஒட்டி வரும்.

ஏஎன்எஸ் டை (புரோட்டீன்ல வெளிய தெரியுற எண்ணெய்த்தன்மைப் பகுதில ஒட்டி ஒளிர்றது) போடுறவங்க, அந்த டை சால்வென்ட்ல தனியாவே பளிச்சுன்னு எரியும்ங்கிறதை மறக்காதீங்க.

ஸ்டெப் 9: ரெண்டு கர்வையும் ஒண்ணு மேல ஒண்ணு வைங்க

எக்ஸ் அச்சுல சால்வென்ட் சதவீதம், ஒய்ல ஆக்டிவிட்டியும் ஃப்ளோரசன்ஸ் நகர்வும். ரெண்டும் ஒரே எடத்துல விழுந்தா அவிழ்றதுதான் காரணம். ஆக்டிவிட்டி 20%லயே பாதியா கொறைஞ்சு, ஃப்ளோரசன்ஸ் 50% வரைக்கும் அசையாம நின்னா, டீநேச்சரேஷன்னு எழுத முடியாது, கேஎம் கர்வைப் போய் பாருங்க. கேஎம் ஏறி, டைல்யூட் பண்ணதும் ஆக்டிவிட்டி திரும்பிட்டா சப்ஸ்ட்ரேட் வெளிய சௌகரியமா இருக்கறதோ சால்வென்ட் பாக்கெட்டை அடைக்கறதோ காரணம். கேஎம் மாறாம கேகேட் மட்டும் விழுந்து, டைல்யூட் பண்ணதும் திரும்பினா, ஆக்டிவ் சைட் பிகேஏ நகர்ந்ததோ அசைவு கொறைஞ்சதோ, பிஹெச்சை ஒரு யூனிட் ஏத்தி எறக்கிப் பாத்தா மொதல்ல சொன்னது தெரிஞ்சுடும். டைல்யூட் பண்ணியும் திரும்பலைன்னா அவிழ்ந்ததோட நிக்காம கட்டியாகியிருக்கும், டிஎல்எஸ்ல (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்) துகள் சைஸ் பாருங்க, டிஎல்எஸ் இல்லன்னா சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி மேல மிச்சமிருக்குற புரோட்டீனை அளந்தாலே போதும்.

ஸ்டெப் 10: என்சைமைக் காப்பாத்துற வழிகள்

காரணம் தெரிஞ்சுட்டா வைத்தியம் தானா வரும். காஞ்ச சால்வென்ட்ல மந்தமா இருந்தா உப்போட சேத்து லையோஃபிலைஸ் பண்ணுங்க, 1994ல க்மெல்னிட்ஸ்கி, கிளார்க், டார்டிக் குழு சப்டிலிசினை 98% பொட்டாசியம் குளோரைடோட உலத்தி ஹெக்ஸேன்ல போட்டப்போ ஆக்டிவிட்டி ஆயிரக்கணக்கான மடங்கு ஏறிச்சு. அவிழ்ந்து கட்டியாகுறதுதான் பிரச்சனைன்னா பீட்ல ஒட்ட வைக்கணும், ஒட்டினதுக்கு அப்புறம் ஒண்ணையொண்ணு தொட முடியாது. கலவையில 60% டிஎம்எஃப் இருந்தே ஆகணும்னா என்சைமையே மாத்தணும், கால்டெக்ல ஃப்ரான்சஸ் அர்னால்ட் சப்டிலிசின் ஈல திரும்பத் திரும்ப ம்யூட்டேஷன் பண்ணி தேர்ந்தெடுத்து 60% டிஎம்எஃப்ல 256 மடங்கு திறமையான ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, அந்தப் பேப்பர் வந்தது 1993ல, அந்த வழிமுறைக்கு 2018ல கெமிஸ்ட்ரி நோபல் கிடைச்சுது. சர்க்கரை நோய் மாத்திரை சிட்டாக்ளிப்டின் தயாரிக்க மெர்க்கும் கோடெக்ஸிஸும் மாத்தி வடிவமைச்ச ட்ரான்ஸ்அமினேஸ் 50% டிஎம்எஸ்ஓல லிட்டருக்கு 200 கிராம் சப்ஸ்ட்ரேட்டைத் தின்னு வேலை செய்யுது.

இதெல்லாம் பெரிய லேப் வேலை. லைப்பேஸ் வச்சு எண்ணெய்யையும் மெத்தனாலையும் சேத்து பயோடீசல் பண்றவங்களுக்கு காசே செலவாகாத வழி ஒண்ணு இருக்கு, மெத்தனாலை ஒரே தடவையில ஊத்தாதீங்க. எண்ணெய்ல கரையாத அளவுக்கு மெத்தனால் இருந்தா அது துளித்துளியா நின்னு லைப்பேஸைக் கொன்னுடும். ஜப்பான்ல ஷிமாடா குழு 1999ல மெத்தனாலை மூணு தவணையா பிரிச்சு, முந்தினது தீர்ந்ததுக்கு அப்புறம் அடுத்ததைச் சேத்தாங்க, அதே ஒட்ட வச்ச கேண்டிடா லைப்பேஸ் 50 சுத்து வரைக்கும் 95%க்கு மேல கன்வர்ஷன் கொடுத்துச்சு. மொதல் தவணை முழு அளவுல மூணுல ஒரு பங்கு, ஜிசிலயோ டிஎல்சிலயோ மெத்தில் எஸ்டர் அந்தப் பங்குக்கு வந்து நின்னதைப் பாத்துட்டு ரெண்டாவதைச் சேருங்க.